கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர்: அப்பாவின் டிபிஎஸ் செட்டிங் பற்றி

அப்பா அரசுப் பேருந்தில் 31 வருஷம் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் திருநெல்வேலி - மதுரை வண்டிதான். "கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம், மதுரை" என்று ஒரே மூச்சில் சொன்னால் பஸ் ஸ்டாண்டின் அடுத்த முனை வரை கேட்கும். 2009-ல், 53 வயதில், வலது கை விரல்கள் மெதுவாகிப் போயின. டிக்கெட் கிழிக்க நேரமானது. சில்லறை எண்ணிக் கொடுப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். பிறகு நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் என்று தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

சிண்டோபா மாத்திரை முதல் ஐந்தாறு வருஷம் நன்றாகவே காப்பாற்றியது. ஓய்வு பெறும்வரை வேலைக்குப் போனார். அப்புறம் மாத்திரையின் நேரம் சுருங்க ஆரம்பித்தது. ஐந்து மணி நேரம் தாங்கியது மூன்று மணி நேரமாகி, இரண்டரை மணி நேரத்தில் வந்து நின்றது. மாத்திரை இறங்கினால் உடம்பு கட்டை. ஏறினால் தோளும் கழுத்தும் தன்பாட்டில் நெளியும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் அவராக இருந்தது ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம்தான். 2018-ல் டிபிஎஸ் (டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன், மூளைக்குள் கம்பி வைத்து மெல்லிய மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை) ஆபரேஷன் செய்தோம். மூளையின் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி, காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் இறங்கும் ஒயர், காரை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரிப் பெட்டி.

ஆபரேஷன் பற்றி விசாரித்தபோது சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தொடரும் செட்டிங் வேலையைப் பற்றி எங்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. நாங்கள் செய்த தவறுகளில் பாதி அதனால் வந்தவை. இப்போது ஆபரேஷனுக்கு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், கருவி வைத்த பிறகும் "ஏன் இன்னும் சரியாகலை" என்று தவிப்பவர்களுக்கும் எங்கள் அனுபவம் உதவலாம்.

முதல் குழப்பம் வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்தது. அப்பா நன்றாக நடந்தார். நடுக்கம் இல்லை. பார்க்க வந்த சித்தப்பா, "மெஷின் என்னமா வேலை செய்யுது பாத்தியா" என்றார். மெஷினை அப்போது ஆன் செய்யவே இல்லை. கம்பி உள்ளே போகும்போது அந்த இடத்தில் உண்டாகும் சிறு வீக்கமே சில நாட்களுக்கு நோயின் அறிகுறிகளை அடக்கிவைக்குமாம். வீக்கம் வற்ற வற்றப் பழைய நிலை திரும்பும். மூன்றாவது வாரம் நடுக்கம் திரும்பி வந்தபோது அம்மா பூஜை அறையில் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு பணம், இவ்வளவு வலி, எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். டிஸ்சார்ஜ் நாளில் டாக்டர் இதைச் சொல்லியிருந்தார். பில், மருந்து, கார் என்று ஓடிய அவசரத்தில் எங்கள் காதில் அது ஏறவில்லை. டிஸ்சார்ஜ் அன்று சொல்வதை யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் புரோகிராமிங்கை, அதாவது கருவியை ஆன் செய்து கரண்ட்டின் அளவுகளை அமைக்கும் வேலையை, நான்காவது வாரம் வைத்திருந்தார்கள். வீக்கம் வற்றி, நோய் தன் சொந்த முகத்தைக் காட்டினால்தான் கரண்ட் என்ன செய்கிறது என்று பார்க்க முடியும். அதே காரணத்துக்காக முதல் நாள் இரவு மாத்திரையிலிருந்து நிறுத்திவிட்டு, கிட்டத்தட்ட 12 மணி நேரம் மருந்தே இல்லாமல் காலையில் வரச் சொல்வார்கள். நாங்கள் கோவில்பட்டியில் இரவு ரயில் ஏறிக் காலையில் சென்னையில் இறங்கி நேரே போய்விடலாம் என்று திட்டமிட்டோம். மாத்திரை இல்லாத இரவு அது. பெர்த்தில் அப்பாவால் புரண்டு படுக்க முடியவில்லை. பாத்ரூமுக்கு நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு போனோம். எழும்பூரில் இறங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த முறையிலிருந்து ஒரு நாள் முன்பே போய், ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்து, மாத்திரையோடு பயணம் செய்து, அறைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினோம். நிறுத்த வேண்டியது எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதையும் டாக்டர் எழுதித் தர வேண்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது. மருந்தையும் தண்ணீரையும் கையோடு எடுத்துப் போங்கள். புரோகிராமிங் முடிகிற தறுவாயில் மாத்திரை கொடுத்து, மருந்தும் கரண்ட்டும் சேர்ந்தால் உடம்பு அதிகமாக நெளிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புரியாமல் உட்கார்ந்திருந்தால் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தவறிவிடுவோம்.

அப்பாவுக்கு வைத்த கம்பி ஒவ்வொன்றின் நுனியிலும் நான்கு உலோக வளையங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். இடது மூளைக் கம்பியில் 0 முதல் 3 வரை, வலது மூளைக் கம்பியில் 8 முதல் 11 வரை எண் கொடுத்திருந்தார்கள். எந்த வளையம் வழியாகக் கரண்ட் போவது என்பது முதல் முடிவு. எவ்வளவு போவது என்பது அடுத்தது, அதை மில்லி ஆம்பியரில் சொல்வார்கள். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று இன்னும் இரண்டு. பெரும்பாலும் 60 மைக்ரோ விநாடி, விநாடிக்கு 130 துடிப்பு என்று ஆரம்பிக்கிறார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான்.

டாக்டர் ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு கரண்ட்டை அரை அரையாக ஏற்றுவார். ஏற்றும்போதே இன்னொரு கையால் அப்பாவின் மணிக்கட்டை மடக்கிப் பார்ப்பார். விறைப்பு குறைவது அரை நிமிஷத்துக்குள் கைக்குத் தெரிந்துவிடுமாம். அதனால்தான் அதை முதலில் பார்க்கிறார்கள். "ஐயா, விரலைத் தட்டுங்க. பெருசா, வேகமா." தட்டுவார். "ஒண்ணுலேர்ந்து இருபது வரை எண்ணுங்க." எண்ணுவார். இன்னும் அரை ஏறும். ஒரு வளையத்தில் 3.5-ஐத் தொட்டதும் அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. இன்னொன்றில் கை விரல்களில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். வேறொன்றில் தலை லேசாகச் சுற்றியது. டாக்டர் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்: எந்த அளவில் நன்மை ஆரம்பிக்கிறது, எந்த அளவில் தொல்லை ஆரம்பிக்கிறது.

கம்பி போய் நிற்கும் இடம் மூளைக்குள் நரம்பணுக்கள் திரண்ட, ஒரு பயறு போன்ற சின்னக் கரு. அதைச் சுற்றி அடுத்தடுத்து வேறு வேலை செய்யும் நரம்புப் பாதைகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் தசையை அசைக்கும் பாதை, பின்புறம் தொடு உணர்ச்சிப் பாதை, உள்பக்கம் கண்ணை அசைக்கும் நரம்பு. கரண்ட் பரவி எதைத் தொடுகிறதோ அதற்கேற்ற தொல்லை வரும். அதனால் மரமரப்பு, இழுப்பு, பார்வை இரட்டையாகத் தெரிவது என்று எது வந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா சங்கோஜப்பட்டு, "பரவாயில்ல டாக்டர், தாங்கிக்கிறேன்" என்றார். அங்கே அது தாங்கிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. கம்பி எங்கே இருக்கிறது என்று டாக்டருக்குக் கிடைக்கும் வரைபடம் அந்தப் பதில்தான்.

விறைப்புக்கு அரை நிமிஷம் என்றேன். நடுக்கத்துக்குச் சில நிமிஷங்கள். அசைவின் மந்தம் நீங்க அதைவிட அதிகம், சில சமயம் மணிக்கணக்கில். நடையில் வரும் மாற்றம் தெரிய நாட்கள் ஆகலாம். அப்படியானால் ஒரு மணி நேர அறைக்குள் டாக்டர் பார்ப்பது பாதிக் கதைதான். மீதிக் கதை வீட்டு வாசலிலும் சாப்பாட்டு மேசையிலும் நடக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நாம். இது எங்களுக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆனது, அந்த ஒன்றரை வருஷத்தில்தான் அப்பாவின் குரலை இழக்கப் பார்த்தோம்.

முதல் நாள் இரண்டு பக்கமும் 1.5 மில்லி ஆம்பியர் வைத்து அனுப்பினார்கள். வலது கை நடுக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த முறை 2.0. பிறகு 2.4. ஒவ்வொரு முறையும் நடுக்கம் குறைந்தது. எங்கள் மனதில் அந்த எண் ஒரு மதிப்பெண் போல உட்கார்ந்துவிட்டது. ஏறினால் நல்லது, எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு குணம். டாக்டர் கொடுத்த ரிமோட்டில் ஒரு வரம்புக்குள் நாமே 0.1 வீதம் ஏற்றலாம். விருந்தாளி வருகிறார் என்றால் அம்மா, "ஏங்க, ஒரு பாயிண்ட் ஏத்திக்கோங்களேன்" என்பாள். வரம்பைத் தொட்டதும், "நடுக்கம் இருக்கு டாக்டர்" என்று போய் வரம்பை உயர்த்தி வாங்கி வருவோம். நாங்கள் கேட்டது நடுக்கத்தைப் பற்றி மட்டும். அவரும் நடுக்கத்தைப் பார்த்து ஏற்றினார். 2019 கடைசியில் வலது கையை இயக்கும் இடது மூளைப் பக்கம் 3.6-ல் நின்றது.

அந்த மாதங்களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் நாங்கள் செட்டிங்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒன்று, அப்பாவுக்கு உற்சாகம் கூடியது. நோய் வந்த பத்து வருஷத்தில் அப்படி அவரைப் பார்த்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியை ஒதுக்குவார். பழைய சகாக்களுக்கு வரிசையாகப் போன் போடுவார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பழைய லோடு ஆட்டோ ஒன்றுக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். வாழ்நாள் முழுக்கப் பத்து ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். ஏன் என்று கேட்ட தம்பியிடம் சத்தம் போட்டார். குணம் கெட்டுவிட்டது என்று தம்பி இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. கரண்ட் அந்தக் கருவின் கீழ்ப்பகுதிக்குப் பரவினால், அது மனநிலையோடு சம்பந்தப்பட்ட பகுதி என்பதால், இப்படி அளவுக்கு மீறிய உற்சாகமும் யோசிக்காமல் செலவழிப்பதும் வரக்கூடும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பார்க்கின்சனுக்காக அவர் எடுத்துவந்த பிரமிபெக்சோல் என்ற இன்னொரு மாத்திரையும் அதே திசையில் தள்ளக்கூடியது. அந்தத் தகராறை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அது அப்பாவின் குணம் இல்லை. கருவி வைத்தவரிடம் திடீரென்று மாற்றம் தெரிந்தால், அது சந்தோஷமான மாற்றமாகவே இருந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமாக நினைத்து மறைக்காதீர்கள்.

இன்னொன்று பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்தது. வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. போனில் அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பிறகு அவரே போனை எடுப்பதை விட்டுவிட்டார். நோய் முற்றுகிறது, பேச்சு போகும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்ததால் நாங்கள் அதை விதி என்று எடுத்துக்கொண்டோம். பார்க்கின்சனில் குரல் தேய்வது உண்மைதான். டிபிஎஸ் அதைச் சரிசெய்யாது என்பதும் உண்மை. மாத்திரைக்கு எது சரியாகிறதோ அதுதான் பெரும்பாலும் கரண்ட்டுக்கும் சரியாகும், நடுக்கம் மட்டும் மாத்திரைக்கு அடங்காவிட்டாலும் கரண்ட்டுக்கு அடங்குவது உண்டு. ஆனால் கரண்ட்டே பேச்சைக் கெடுக்கவும் முடியும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்த என் மகள்தான் அதைத் திறந்துவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. தாத்தா ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வது அவளுக்கு ஒரு விளையாட்டு. என் பழைய போனில் 2018-ல் எடுத்த வீடியோ ஒன்று கிடந்தது. மெஷின் வைத்து இரண்டு மாதமான நேரம், கயத்தாறிலிருந்து மதுரை வரை தெளிவாகச் சொல்கிறார். அதைப் போட்டுக் காட்டி, "தாத்தா, இதே மாதிரி சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய் முற்றியதால் என்றால் இவ்வளவு சீக்கிரமாகவா? அந்த இரண்டு வீடியோக்களையும் எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரைப் பார்க்கப் போனோம். புரோகிராமிங்கில் அனுபவம் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் வீடியோவைப் பார்த்தார். நாங்கள் வைத்திருந்த பழைய செட்டிங் தாள்களைக் கேட்டார். பாதிதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த எண்களைக் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். பேட்டரிப் பெட்டி மாறினாலும், ஆஸ்பத்திரி மாறினாலும், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

முதலில் ஒயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று மின்தடை பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு இடது மூளைப் பக்கக் கரண்ட்டை 3.6-லிருந்து மெல்ல இறக்கினார். 2.4-க்கு வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொன்னார். நடுக்கம் வலது கையில் எட்டிப் பார்த்தது. பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து, "ஐயா, அந்த ஊர்ப் பேரெல்லாம் ஒருதடவை சொல்லுங்க" என்றார்.

"கயத்தாறு. கோவில்பட்டி. சாத்தூர்."

மூன்றும் தனித்தனியாக விழுந்தன. அப்பா தானே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, என் குரல்" என்றார்.

அன்று ஒவ்வொரு வளையத்தையும் முதல் நாள் போலவே மறுபடி சோதித்தார். அப்பாவுக்குக் கீழேயிருந்து இரண்டாவது வளையத்தில் வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த மேல் வளையத்தில் குறைவான கரண்ட்டுக்கே நடுக்கம் அடங்கியது, பேச்சும் குழையவில்லை. அங்கே மாற்றி 2.7 வைத்தார். தூக்கம் சில வாரங்களில் சீரானது. லோடு ஆட்டோப் பேச்சும் நின்றது. அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது.

டிபிஎஸ் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அப்போது தேடிப் படித்தேன். 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆலிம் லூயி பெனபித் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்காக மூளையின் ஒரு சிறு பகுதியைச் சுடும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். சுடுவதற்கு முன் இடம் சரிதானா என்று பார்க்க மின்சாரம் கொடுப்பது வழக்கம். துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, விநாடிக்கு 100 துடிப்பை ஒட்டிய வேகத்தில் நடுக்கம் நின்றது. நிறுத்தினால் திரும்பி வந்தது. இந்தச் சிகிச்சை பிறந்ததே ஒரு செட்டிங்கை மாற்றிப் பார்த்ததில்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒன்று சரிவரவில்லை என்றால் மாற்றலாம், மாற்றியது ஒத்துவரவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம்.

அன்றிலிருந்து நோட்டு எழுதுகிறோம். ஆடம்பரம் எதுவும் இல்லை, 100 பக்க ரூல்டு நோட்டு. மாத்திரை போட்ட நேரம், உடம்பு விட்டுக்கொடுத்த நேரம், மறுபடி இறுகிய நேரம். விழுந்தால் எங்கே, எந்தப் பக்கம், திரும்பும்போதா நடக்கும்போதா. தூக்கம். மனசு. நடுக்கத்தை மட்டும் எழுதிவைத்த பழைய தப்பு திரும்பக் கூடாது என்பதற்காகப் பேச்சு, நடை, மனசு மூன்றுக்கும் தனிக் கட்டம் போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பத்து மணிக்கு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு வீடியோ: ஊர்ப் பெயர்கள், இரண்டு கையிலும் விரல் தட்டுவது, நடு வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்து திரும்புவது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வேலை. இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. டாக்டரிடம் போகும்போது எல்லாவற்றையும் காட்டுவதில்லை. போன மாற்றத்துக்கு முந்தைய ஒன்று, பிந்தைய ஒன்று, கடைசி வாரத்தது ஒன்று. ஒரு நிமிஷத்தில் அவர் பார்த்துவிடுவார்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வதும் பழக்கமானது. கரண்ட்டும் மாத்திரையும் ஒரே நாளில் மாறினால், அடுத்த வாரம் வரும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை விஷயத்தில் நாங்கள் பட்டதும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை குறையும் என்பது எல்லோரும் ஆசையோடு எதிர்பார்ப்பது. அப்பாவுக்கு ஒரு கட்டத்தில் வேகமாகக் குறைத்தபோது நடுக்கம் வரவில்லை, ஆனால் எதிலும் நாட்டம் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேத்தி கூப்பிட்டாலும் எழவில்லை. கொஞ்சம் திரும்பக் கூட்டியதும் மீண்டு வந்தார். மூளைக்குப் பழகிய மருந்தை மெதுவாகத்தான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. சென்னை போக வழியில்லை. மே மாதம் அப்பாவுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. வாசற்படியில், குளியலறை வாசலில், திரும்பும் இடத்தில். மேல் உடம்பு முன்னால் போகும், கால் நகராது. டாக்டர் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்து, ரிமோட்டின் வரம்புக்குள் சின்ன மாற்றம் செய்யச் சொன்னார். பலன் சுமார்தான். போக்குவரத்து திறந்த பிறகு நேரில் போனபோது துடிப்பின் வேகத்தை விநாடிக்கு 130-லிருந்து 60-க்குக் குறைத்துப் பார்த்தார். சிலருக்கு அது கால் ஒட்டுவதைக் குறைக்கும், எல்லோருக்கும் இல்லை, பலன் நீடிக்கும் என்ற உறுதியும் இல்லை என்று முன்கூட்டியே சொன்னார். வேகத்தைக் குறைக்கும்போது கரண்ட்டின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், அதனால் இது வீட்டில் முயன்று பார்க்கும் காரியம் இல்லை.

முதல் பத்து நாள் அற்புதமாக இருந்தது. வாசற்படியைத் தாண்டி நடந்தார். பதினோராம் நாள் வலது கையில் நடுக்கம். சாப்பிட முடியவில்லை. மறுபடி பயணம். கடைசியில் டாக்டர் 130, 60 என்ற இரண்டு செட்டிங்கையும் ரிமோட்டில் இரண்டு தனிக் குழுக்களாகப் பதிந்து கொடுத்தார். உட்கார்ந்து சாப்பிட, எழுத, பேசக் குழு ஏ. காலை நடைக்கும் கோயிலுக்கும் குழு பி. அப்பா அதைக் கியர் மாற்றுவது என்கிறார். வாசற்படிக்குக் கருவியை மட்டும் நம்பாமல் தரையில் வெள்ளை டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டிவைத்தோம். கோட்டைத் தாண்டு என்று கண் சொன்னால் கால் கேட்கிறது. எந்த செட்டிங்கும் அந்த டேப் அளவுக்குக் குளியலறை வாசலில் உதவவில்லை.

இப்போது சில எச்சரிக்கைகள். முழங்கால் வலிக்காக ஊரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அப்பாவை அழைத்துப் போனார்கள். அங்கே ஷார்ட் வேவ் டயதெர்மி (அலைகளால் உடம்பின் உள்ளே சூடேற்றும் சிகிச்சை) வைக்கத் தயார் செய்தார்கள். கருவி பற்றி அவர்கள் கேட்கவில்லை, நெஞ்சில் பெட்டி இருப்பதை அப்பாவும் சொல்லவில்லை. நல்லவேளையாகச் சட்டையைக் கழற்றும்போது தழும்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். டிபிஎஸ் வைத்தவர்களுக்கு ஷார்ட் வேவ், மைக்ரோவேவ், அல்ட்ராசவுண்ட் என்று எந்த வகை டயதெர்மியும் உடம்பின் எந்தப் பாகத்திலும் வைக்கக் கூடாது, கருவி ஆஃபில் இருந்தாலும் கூடாது. அதன் சக்தி கம்பி வழியாக மூளையில் உள்ள நுனிக்குப் போய் அங்கே சூடேற்றிவிடும். உயிருக்கே ஆபத்து. எம்ஆர்ஐ எடுப்பதாக இருந்தாலும், பல் முதல் கண் வரை எந்த ஆபரேஷன் ஆனாலும், கருவி வைத்த டாக்டரிடம் கேட்ட பிறகுதான். கருவி அட்டையை அப்பாவின் சட்டைப் பையிலும், அதன் படத்தை எங்கள் எல்லோருடைய போனிலும் வைத்திருக்கிறோம்.

திடீரென்று எல்லா அறிகுறியும் ஒன்றாகத் திரும்பினால் முதலில் ரிமோட்டை எடுத்துக் கருவி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்கு வைத்தது சார்ஜ் செய்யாத வகைப் பேட்டரி. நான்கு வருஷம் ஓடி 2022-ல் தீரும் நிலைக்கு வந்தது. ரிமோட் எச்சரிக்கை காட்டியதும் தேதி குறித்தோம், ஆனாலும் கடைசி வாரங்களில் அவர் தளர்ந்துதான் போனார். பேட்டரி முழுதாக நின்றுபோனால் சிலருக்கு உடம்பு முழுக்க இறுகி, விழுங்க முடியாமல், அவசரச் சிகிச்சை வரை போகும். கரண்ட்டை வேண்டுமென்றே உயர்வாக வைத்திருந்தால் பேட்டரியும் சீக்கிரம் தீரும் என்பது 3.6-ல் ஓட்டிய நாட்களுக்கு நாங்கள் கொடுத்த இன்னொரு விலை. ரீசார்ஜ் வகை பல வருஷம் கூடுதலாக வரும், விலையும் கூடுதல், வாரம் தவறாமல் நெஞ்சில் சார்ஜரை வைத்து உட்காரவும் வேண்டும். அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உடம்பு, அவர் முடிவு என்று விட்டுவிட்டோம்.

மூளையின் அலைகளைத் தானே கவனித்து, தேவைக்கேற்பக் கரண்ட்டை ஏற்றி இறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2025-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "அதுக்கும் யாராவது சொல்லணும்ல, பேச்சு எப்படி இருக்குன்னு" என்றார்.

அவருக்கு நோய் வந்து 16 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறதி கொஞ்சம் தெரிகிறது, நடையில் தள்ளாட்டம் இருக்கிறது. அவற்றில் கரண்ட்டால் ஆகாதது எது என்று எங்களுக்கு இப்போது தெரியும், அதற்காக எண்ணை ஏற்றச் சொல்லிக் கேட்பதில்லை. இடது மூளைப் பக்கம் 2.9. நோட்டு ஒன்பதாவது. நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் விருதுநகர் வரை நன்றாக இருக்கிறது. திருமங்கலம் லேசாகக் குழைகிறது, போன மாதம் குழையவில்லை. அடுத்த புதன்கிழமை டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டப் போகிறேன்.